பழைய லேண்ட் க்ரூஸருக்கு டர்போ: 1எச்ஸெட் இன்ஜினைக் காவு கொடுக்காமல், கையைக் கடிக்காமல்

ஆஸ்திரேலியாவின் மண் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டொயோட்டா லேண்ட் க்ரூஸர்களில் பல 1எச்ஸெட் டீசல் இன்ஜின் போட்டவை. 75 சீரிஸ் ட்ரூப் கேரியர், 80 சீரிஸ், அதற்குப் பின் வந்த 105, 78, 79 எல்லாவற்றிலும் இந்த இன்ஜின் போட்ட வண்டிகள் உண்டு. 1990-இல் வந்தது. ஆறு சிலிண்டர், 4,164 சிசி, 3,800 ஆர்பிஎம்மில் சுமார் 130 குதிரைத்திறன், 2,200-இல் 285 நியூட்டன் மீட்டர் இழுவை. லட்சக்கணக்கான கிலோமீட்டர் சலிக்காமல் ஓடும். ஆனால் பின்னால் இரண்டு டன் கேரவன் மாட்டி டூவூம்பா மலைச்சாலையில் ஏற்றினால் மூன்றாவது கியரில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துபோக வேண்டியதுதான். அதனால்தான் இந்த வண்டி வாங்குகிறவர்களில் பலருக்கு முதலில் வரும் ஆசை டர்போ: எக்ஸாஸ்ட் புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி.

செய்யலாம். சரியாகச் செய்தால் 30 சதவீதம் வரை கூடுதல் இழுவையை நியாயமாக எதிர்பார்க்கலாம், வண்டியும் நிம்மதியாக ஓடும். தப்பாகச் செய்தால் பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் ஹெட்டிலும் விரிசல் விழும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எந்தக் கம்பெனி டர்போ என்பதில் இல்லை. எவ்வளவு டீசல் ஊற்றுகிறீர்கள், அதனால் வரும் சூட்டை அளக்கிறீர்களா என்பதில்தான் இருக்கிறது.

இந்த இன்ஜினின் பலவீனம் எங்கே

இதே 4,164 சிசி அளவில் டொயோட்டாவே ஒரு டர்போ இன்ஜின் செய்தது: 1எச்டி-டி. அதற்கு 1எச்ஸெட்டின் மேல் டர்போவை மட்டும் மாட்டிவிட்டுப் போகவில்லை. டீசலை நேராகப் பிஸ்டன் மேல் பீய்ச்சும் முறைக்கு மாற்றி, கம்ப்ரெஷன் விகிதத்தை 18.6-க்கு இறக்கி, பிஸ்டனையும் ஹெட்டையும் வேறாக வடிவமைத்தார்கள். 1எச்ஸெட்டில் கம்ப்ரெஷன் 22.4. டீசல் முதலில் ஹெட்டுக்குள் இருக்கும் சிறு அறையில் எரியத் தொடங்கி, ஒரு குறுகலான வாய் வழியாகப் பிஸ்டன் மேல் பாய்கிறது. வெல்டிங் டார்ச்சை ஒரே இடத்தில் காட்டுவதுபோல அந்தச் சுவாலை பிஸ்டனின் ஒரே பகுதியைச் சுடுகிறது. டர்போ போட்டு, டீசலையும் ஏற்றி, நீண்ட மேட்டில் ஐந்து நிமிடம் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டினால் முதலில் அடிபடுவது அந்த இடம். அடுத்து, ஹெட்டில் வால்வுகளுக்கும் அந்தச் சிறு அறைக்கும் இடையே உள்ள மெல்லிய இரும்புப் பாலம்.

ஆகவே எல்லைகள் இவை: இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல், பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், 7 முதல் 9 பி.எஸ்.ஐ. டர்போவுக்கு முன்னால் அளக்கும் புகைச்சூடு, தொடர்ந்து ஓடும்போது 650 டிகிரி செல்சியஸ். சில விநாடிகளுக்கு 700. 720-ஐத் தொட்டால் காலை எடுத்துவிட வேண்டும். இதற்குமேல் ஓட்டியும் ஒன்றும் ஆகாத வண்டிகள் உண்டு. உங்கள் வண்டி அந்த வகையா என்று தெரிந்துகொள்ள ஆகும் செலவு ஒரு இன்ஜின்.

சட்டம்

ஆஸ்திரேலியாவில் டர்போ சேர்ப்பது அங்கீகாரம் வாங்க வேண்டிய மாற்றம். வி.எஸ்.பி. 14 என்னும் தேசிய விதித்தொகுப்பு அடிப்படை. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. குவீன்ஸ்லாந்தில் அங்கீகரிக்கப்பட்டவர் பார்த்து மாடிஃபிகேஷன் பிளேட் அடிப்பார், நியூ சவுத் வேல்ஸில் உரிமம் பெற்ற பொறியாளரின் சான்றிதழ் வேண்டும். வேலை தொடங்கும் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். இந்தியாவில் இதைப் படிப்பவர்கள் கவனிக்க: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இத்தகைய மாற்றங்களுக்குக் கடுமையான தடை போடுகிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட வடிவத்திலிருந்து விலகக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. தொழில்நுட்பம் எங்கும் ஒன்றுதான், பதிவுச் சான்றிதழ் ஒன்றல்ல.

முதலில் இன்ஜினைப் பரிசோதியுங்கள்

தேய்ந்த இன்ஜினுக்கு டர்போ மருந்தாகாது. கீழ்க்கண்டவை முடியாமல் ஒரு போல்ட்டைக்கூட வாங்க வேண்டாம்.

கம்ப்ரெஷன்: இன்ஜின் சூடாக இருக்கும்போது, பேட்டரி முழு சார்ஜில், ஆறு சிலிண்டரையும் அளக்கவும். எண் எவ்வளவு என்பதைவிட ஆறும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்பது முக்கியம். அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையே 5 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், டர்போ பணத்தை இன்ஜின் வேலைக்கு ஒதுக்குங்கள்.

கூலன்ட்டில் எரிவாயு: ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் ஹெட்டோ கேஸ்கெட்டோ போய்விட்டது. பார்ட்ஸ் கடையில் சல்லிசாகக் கிடைக்கும் சோதனை இது. இதைச் செய்யாமல் டர்போ போட்டு, பிறகு ஹெட் வெடித்ததும் டர்போவைத் திட்டுகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு ஹெட்டில் ஏற்கெனவே விரிசல் இருந்திருக்கும்.

ஆயில் மூடியைத் திறந்து ஐடிலில் பாருங்கள். லேசான ஆவி வரலாம். மூடியைத் தூக்கி எறியும் அளவுக்குக் காற்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை): ஆறையும் கழற்றி டீசல் பம்ப் கடையில் கொடுத்து, திறக்கும் அழுத்தமும் பீய்ச்சும் வடிவமும் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டும் நாசில் ஒன்று போதும், அந்த ஒரு பிஸ்டனை மட்டும் சுட்டுவிடும். மேனிஃபோல்டில் (ஆறு சிலிண்டரின் புகையும் சேரும் குழாய்த்தொகுதி) உள்ள புகைச்சூட்டு மானி ஆறின் புகையும் கலந்த சூட்டைத்தான் காட்டும். தனியாக வேகும் ஒன்றைக் காட்டிக்கொடுக்காது.

வால்வு இடைவெளி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது: இன்டேக் 0.15 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.35 முதல் 0.45 மி.மீ. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றிவிடுங்கள். பம்ப் டைமிங்கையும் அதே நேரத்தில் மேனுவலில் உள்ள அளவுக்கு டயல் கேஜ் வைத்துச் சரிபார்க்கலாம். டைமிங் பின்தங்கியிருந்தால் புகைச்சூடு காரணமே தெரியாமல் ஏறி நிற்கும்.

பணம் எங்கே போகிறது

புதிய முழு கிட் 4,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டும். மாட்டும் கூலி தனி. பழைய பாகங்களைச் சேர்த்து நீங்களே மாட்டினால் தோராயமாக இப்படி ஒதுக்குங்கள்: பழைய டர்போவும் மேனிஃபோல்டும் 600 முதல் 1,000 வரை, டர்போவைப் பிரித்துப் புதுப்பிக்க 500, மூன்று அங்குல எக்ஸாஸ்ட் 800, மானிகள் 300, ஆயில் குழாய்கள், கேஸ்கெட், ஸ்டட் எல்லாம் சேர்த்து 250, காற்றுக் குழாய்களும் கிளாம்பும் 200, பம்ப் கடையும் டைனோவும் (வண்டியை நிறுத்திவைத்து ஓட்டித் திறன் அளக்கும் கருவி) 500. மொத்தம் 3,150 முதல் 3,550. கிட்டுக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை என்று தோன்றினால், உண்மைதான். மிச்சமாவது முக்கியமாகக் கூலி. ஆனால் இந்தப் பட்டியலில் சிலர் முதலில் வெட்டுவது மானிகளை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் கதை அது. எதை வெட்டினாலும் அதை வெட்ட வேண்டாம்.

டர்போ தேர்வு

கணக்கு எளிது. 4.16 லிட்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், 3,600 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குச் சுமார் 6,400 லிட்டர் காற்றை இழுக்கும். எடையில் ஏறத்தாழ 7.5 கிலோ. 9 பி.எஸ்.ஐ. பூஸ்ட்டில், காற்று சூடாவதையும் கழித்துப் பார்த்தால், அது சுமார் 10 கிலோ ஆகும். நிமிடத்துக்கு 10 கிலோ காற்றை நல்ல திறனோடு தரும், 1,600 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் கட்டத் தொடங்கும் டர்போதான் வேண்டும். பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து கழற்றிய பெரிய டர்போ 2,500-க்கு மேல்தான் விழிக்கும். மணல்மேட்டில் அதற்குள் வண்டி புதைந்துவிடும்.

மலிவான, நன்கு பழகிய வழி 1எச்டி-டி இன்ஜினின் மேனிஃபோல்டும் அதன் சிடி26 டர்போவும். வாங்கும்போது மூன்று இடம் பாருங்கள். ஒன்று, டர்பைன் (புகை சுழற்றும் சக்கரம்) பக்கக் கூட்டில் வேஸ்ட்கேட் (பூஸ்ட் எல்லை மீறாமல் கூடுதல் புகையை விலக்கும் கதவு) துளைக்கும் டர்பைன் வாய்க்கும் நடுவே உள்ள விரிசல். சிடி26-இல் இது சகஜம். மயிரிழை அளவென்றால் பரவாயில்லை, நகம் மாட்டும் அளவு என்றால் வேண்டாம். இரண்டு, ஷாஃப்ட்டின் ஆட்டம். பக்கவாட்டில் சிறிது ஆடலாம், பிளேடு கூட்டில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் ஆட்டம் கைக்கே தெரிந்தால் த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது. மூன்று, கம்ப்ரெஸர் (காற்றைத் தள்ளும் சக்கரம்) பிளேடுகளின் முனை. மணல் தின்ற பிளேடு கத்தி மாதிரி மெலிந்து, ஓரம் பல் பல்லாக இருக்கும்.

தண்ணீர்க் குழாய் வாய் உள்ள டர்போவாக இருந்தால் தண்ணீர் இணைப்பும் கொடுக்க வேண்டும். அடைத்துவிட்டு ஓட்டினால் இன்ஜின் நிறுத்திய பின் பேரிங்கில் ஆயில் கரியாகும்.

மானிகளை டர்போவுக்கு முன்பே மாட்டுங்கள்

மூன்று மானி வேண்டும்: புகைச்சூடு, பூஸ்ட், உண்மையான கூலன்ட் சூடு. டாஷ்போர்டில் கம்பெனி கொடுத்த சூட்டு முள்ளை நம்பாதீர்கள். நடுவில் நிற்க ஆரம்பித்தால் பெரிய சூட்டு மாற்றத்துக்கும் அசையாது. அசையும்போது நேரம் கடந்திருக்கும்.

புகைச்சூட்டுக்குக் கே வகை தெர்மோகப்புள், அதாவது அதிகச் சூட்டை அளக்கும் பிராப். அதை டர்போவுக்கு முன்னால், எல்லாச் சிலிண்டரின் புகையும் சேரும் இடத்தில் வைக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் முழுச் சுமையில் நூறு, நூற்றைம்பது டிகிரி குறைவாகக் காட்டும், அந்த வித்தியாசமும் நிலையாக இருக்காது. மேனிஃபோல்டைக் கழற்றிய நிலையில் 8.7 மி.மீ. டிரில்லால் துளையிட்டு, எட்டில் ஒரு அங்குல என்.பி.டி. டேப் அடித்து மரை வெட்டுங்கள். டேப் பாதி இறங்கும்போதே பிராபை வைத்துப் பாருங்கள். இந்த மரை கூம்பு வடிவம், அதிகம் அடித்தால் பிராப் பிடிக்காமல் உள்ளே போய்விடும். பிராப் முனை புகை ஓட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். துளையிட்ட இரும்புத்தூளைக் காந்தமும் காற்றும் கொண்டு முழுதாக எடுங்கள். ஒரு சிறு சுருள் மிச்சமிருந்தாலும் முதல் ஸ்டார்ட்டிலேயே டர்பைன் பிளேடைச் சிதைத்துவிடும்.

முடிந்தால் பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் இதேபோல் பிராப் வைத்து, டர்போ இல்லாமல் ஒருமுறை மேடேற்றிச் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட அந்த எண் உதவும்.

மாட்டும் வரிசை

1. பேட்டரி கழற்றி, கூலன்ட் வடித்து, பழைய மேனிஃபோல்டை எடுங்கள். ஸ்டட்களில் முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் விடுங்கள். முறிந்த ஸ்டட்டை எடுக்கும் வேலை ஒரு நாளைத் தின்னும்.
2. ஹெட்டின் முகத்தையும் புது மேனிஃபோல்டின் முகத்தையும் சுத்தம் செய்து, நேர் விளிம்பு வைத்துப் பாருங்கள். மேனிஃபோல்டு முகத்தில் 0.3 மி.மீ. ஃபீலர் தகடு நுழைந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்துங்கள். ஆறு சிலிண்டர் நீளத்தில் பழைய மேனிஃபோல்டு வளைந்திருப்பது சாதாரணம்.
3. புது ஸ்டட், புது மெட்டல் கேஸ்கெட். மரையில் சூடு தாங்கும் பேஸ்ட். நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி முறுக்குங்கள்.
4. டர்போவை மாட்டும் முன், நடுக்கூட்டைத் திருப்பி ஆயில் வடியும் வாய் நேர் கீழே வரும்படி வையுங்கள். 20 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது.
5. பிரேக் குழாய், ஒயரிங், கிளட்ச் குழாய் எதுவும் டர்பைன் பக்கக் கூட்டுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால் நகர்த்துங்கள் அல்லது தகட்டுக் கவசம் போடுங்கள்.

ஆயில்: டர்போ சாவதற்கு முதல் காரணம்

ஆயில் வரும் குழாய்க்கு ஆயில் பிரஷர் சென்சார் இடத்தில் டி இணைப்புப் போட்டு, எஃகுப் பின்னல் போட்ட மெல்லிய குழாய் எடுங்கள். சாதாரணப் பேரிங் டர்போவுக்கு ஓட்டத்தைக் குறைக்கும் துளை எதுவும் தேவையில்லை. பால் பேரிங் டர்போவுக்குத்தான் அது. ஆயில் ஃபிளாஞ்சில் சிலிகான் பசை தடவாதீர்கள். பிதுங்கிய துணுக்கு பேரிங் துளையை அடைக்கும்.

வடியும் குழாயில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். டர்போவிலிருந்து ஆயில் அழுத்தத்தோடு வெளியே வருவதில்லை. நுரைத்த மோர்போல் தன் எடையால் கீழே இறங்குகிறது. உள்விட்டம் 16 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 19 இருந்தால் நல்லது. வழி முழுக்கக் கீழ்நோக்கிய சரிவு. எங்கும் தொங்கல், மேடு கூடாது. சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) வந்து சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். சம்ப்பைக் கழற்றாமல் துளையிட்டால் இரும்புத்தூள் உள்ளே விழும். சோம்பல் வேண்டாம், கழற்றுங்கள்.

காற்றுப் பக்கம், முக்கியமாக பிரீதர்

ஒரு பெரிய தவறு இங்கே நடக்கிறது. இன்ஜினுக்குள் தேங்கும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் இன்டேக் பக்கம் போகிறது. டர்போ மாட்டிய பின் அதை அப்படியே விட்டால், பூஸ்ட் காற்று பிரீதர் வழியாக இன்ஜின் வயிற்றுக்குள் போகும். ஆயில் டிப்ஸ்டிக் பிடுங்கிக்கொள்ளும், கிராங்க் சீல் கசியும், டர்போ ஆயில் வடியாமல் புகை கக்கும். பிரீதரை டர்போவுக்கு முன்னால், ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையே இணைத்து, நடுவில் ஆயில் பிடிக்கும் டப்பா ஒன்று வையுங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டி கம்பெனி கொடுத்ததே போதும். திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டி மண் சாலையில் ஓடினால் தூசி கம்ப்ரெஸர் பிளேடைத் தின்றுவிடும். ஸ்நார்க்கல் இணைப்பு, பெட்டி மூடி, ரப்பர் முழங்கை எல்லாவற்றிலும் கசிவு பாருங்கள்.

பூஸ்ட் பக்கக் குழாய்களுக்கு டி-போல்ட் கிளாம்ப் போடுங்கள். முடித்ததும் டர்போ வாயை வால்வு வைத்த மூடியால் அடைத்து, 10 பி.எஸ்.ஐ. காற்று விட்டு, சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஆயில் மூடிப் பக்கம் லேசான சீறல் வந்தால் அது வால்வு வழியே போகும் காற்று, கவலை வேண்டாம். குழாய் இணைப்பில் குமிழ் வந்தால் சரிசெய்யுங்கள்.

வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் ஸ்பிரிங் 7 பி.எஸ்.ஐ. அளவுள்ளதாகப் பாருங்கள். அதற்கு அழுத்தம் சொல்லும் சிறு குழாயைக் கம்ப்ரெஸர் கூட்டிலிருந்து எடுத்து, இரு முனையிலும் கிளாம்ப் போடுங்கள். அந்த ரப்பர் குழாய் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது, பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும். பூஸ்ட் கண்ட்ரோலர் வாங்க வேண்டாம்.

எக்ஸாஸ்ட்

டர்போவுக்குப் பின் மூன்று அங்குலம், அதாவது 76 மி.மீ., கடைசிவரை. கம்பெனி கொடுத்த சிறிய குழாயை விட்டுவைத்தால் டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் தேங்கும், பூஸ்ட் தாமதமாகும், சூடு ஏறும். குழாயை நசுக்காமல் வளைக்கும் கடையாகப் பாருங்கள். டர்போவிலிருந்து முழங்கை நீளத்துக்குள் ஒரு வளையும் பெல்லோஸ் வேண்டும். இன்ஜின் தன் மவுண்ட்டில் ஆடும். குழாய் சேஸிஸில் தொங்கும். நடுவில் நெகிழ்வு இல்லையென்றால் மேனிஃபோல்டில் விரிசல் விழும். குழாயின் எடையை டர்போ சுமக்கக் கூடாது.

முதல் ஸ்டார்ட்

புது ஆயில், புது ஃபில்டர். 15டபிள்யூ-40 டீசல் ஆயில் போதும், இனி 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். டர்போவின் ஆயில் வாயில் சிறிது ஆயில் ஊற்றி, கம்ப்ரெஸர் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பம்ப்பில் உள்ள டீசல் நிறுத்தும் சோலனாய்டின் ஒயரைக் கழற்றிவிட்டு, 15 விநாடி வீதம் இரண்டு மூன்று முறை கிராங்க் செய்யுங்கள். ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகு ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். மேனிஃபோல்டுப் பெயின்ட்டும் பேஸ்ட்டும் எரியும் புகை பத்து நிமிடத்தில் போய்விடும்.

மூன்று முறை சூடாகி ஆறிய பின் மேனிஃபோல்டு நட்டுகளைத் திரும்ப முறுக்குங்கள். 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை.

ட்யூனிங்: டீசலைத் தொடும் முன்

முதல் 500 கிலோமீட்டர் பம்ப்பில் கை வைக்காமல் ஓட்டுங்கள். அதே டீசலுக்குக் காற்று கூடியதால் கரும்புகை மறையும், புகைச்சூடு பெரும்பாலும் இறங்கும், இழுவையும் கொஞ்சம் கூடும். பலருக்கு இதுவே போதும். இங்கேயே நிறுத்துகிறவர்களின் இன்ஜின்தான் நீண்ட நாள் ஓடும்.

இன்னும் வேண்டுமென்றால் நான்காவது கியரில் ஒரு நிமிடத்துக்கு மேல் முழு ஆக்ஸிலரேட்டரில் ஏறக்கூடிய ஒரு மேட்டைத் தேர்ந்து, எப்போதும் அதே மேட்டில், அதே சுமையோடு சோதியுங்கள். இந்த ஒரு நிமிடம் முக்கியம். இரும்பு சூடேற நேரமாகும். மானி முதல் இருபது, முப்பது விநாடி ஏறிக்கொண்டேதான் இருக்கும். டைனோவில் எட்டு விநாடியில் முடியும் ஓட்டத்தில் 600 காட்டும் வண்டி, கேரவனோடு மலையேறும்போது 730 காட்டும். டைனோ கடைக்காரரிடம் நிலையான சுமையில் ஒரு நிமிடம் நிறுத்திவைத்து அளக்கச் சொல்லுங்கள். காற்று, டீசல் கலவை அளக்கும் கருவி இருந்தால் முழுச் சுமையில் ஒரு பங்கு டீசலுக்குக் காற்று 18 பங்குக்குக் கீழே போகக் கூடாது. 20 பக்கம் இருந்தால் இன்னும் நிம்மதி.

டென்ஸோ ரோட்டரி பம்ப்பின் பின்பக்கம் லாக் நட்டோடு இருப்பது முழுச்சுமை டீசல் ஸ்க்ரூ. முதலில் லாக் நட்டுக்கு வெளியே ஸ்க்ரூ எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று காலிப்பரால் அளந்து எழுதிவையுங்கள், பெயின்ட் கோடு போடுங்கள், போட்டோ எடுங்கள். இன்ஜின் சூடான நிலையில் எட்டில் ஒரு சுற்று உள்ளே. லாக் நட் முறுக்குங்கள். ஐடில் ஏறியிருக்கும், ஐடில் ஸ்க்ரூவைப் பின்னுக்கு எடுத்து 650 பக்கம் கொண்டுவாருங்கள். மேட்டில் ஓட்டி பூஸ்ட், சூடு, புகை மூன்றையும் எழுதுங்கள். பிறகு அடுத்த எட்டில் ஒன்று.

ஒரு நிமிடத்தில் சூடு 650-ஐ எட்டினால், அல்லது பூஸ்ட் முழுதாக வந்த பிறகும் பின்பார்க்கும் கண்ணாடியில் கரும்புகை தெரிந்தால், கடைசித் திருப்பத்தைத் திரும்ப வெளியே எடுங்கள். உங்கள் அளவு அது. வெயில் 25 டிகிரி நாளில் ட்யூன் செய்தால் 40 டிகிரி நாளுக்கு இடம் விட வேண்டும். 9 பி.எஸ்.ஐ.யில் கம்ப்ரெஸரிலிருந்து வரும் காற்று 25 டிகிரி நாளில் சுமார் 90 டிகிரி என்றால் 40 டிகிரி நாளில் 105-ஐத் தாண்டும். அந்தக் கூடுதல் சூடு எக்ஸாஸ்ட் வரை தொடரும்.

ஸ்க்ரூவை ஒரேயடியாகத் திருப்பினால் ஐடில் கீழே இறங்காத நிலை வரும். காலை எடுத்தும் ஆர்பிஎம் இறங்காது. அப்படி ஆனால் உடனே வெளியே திருப்புங்கள். அதிகபட்ச ஆர்பிஎம் ஸ்க்ரூவை எந்தக் காரணத்துக்கும் தொட வேண்டாம். டைமிங்கை முன்னுக்குத் தள்ளிச் சூட்டைக் குறைக்கும் குறுக்குவழியும் வேண்டாம், 22.4 கம்ப்ரெஷனில் சிலிண்டர் அழுத்தம் எகிறும்.

டர்போ இல்லாத வண்டியின் பம்ப்புக்குப் பூஸ்ட் எவ்வளவு என்று தெரியாது. 1,400 ஆர்பிஎம்மில் பூஸ்ட் வருவதற்கு முன்பே கூட்டிவிட்ட டீசல் முழுதும் போகும், கரும்புகை அடிக்கும். பூஸ்ட்டுக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் டயஃபிரம் கொண்ட மேல்மூடியைப் பம்ப் கடையில் பொருத்தலாம். ஸ்க்ரூவை அரைச் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டிய நிலை வந்தால் அந்தச் செலவைச் செய்யுங்கள்; இல்லையென்றால் பூஸ்ட் வரும்வரை காலை மெதுவாக வையுங்கள்.

குளிரூட்டல், கிளட்ச், கியர்பாக்ஸ்

கூடுதல் இழுவை என்றால் ரேடியேட்டருக்கும் கூடுதல் சுமை. பாதி அடைத்த பழைய ரேடியேட்டரைப் புது கோர் போட்டு வாங்குங்கள். இன்ஜினை நிறுத்தியதும், சூட்டிலும் விஸ்கஸ் ஃபேன் ஹப் விரலால் தள்ளினாலே தடையின்றிச் சுழன்றால் அதன் சிலிகான் ஆயில் தீர்ந்திருக்கிறது. மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

பழைய கிளட்ச் பெரும்பாலும் வழுக்கும். நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் முழுதாக மிதித்தால் முள் வேகத்தை முந்திக்கொண்டு ஏறுகிறதா பாருங்கள். 78, 79, பிந்தைய 105 வண்டிகளில் உள்ள ஆர்151எஃப் கியர்பாக்ஸுக்கு ஐந்தாவது கியர் தேய்மானம் பேர்போனது. ஐந்தாவதில் 1,800-க்குக் கீழே பூஸ்ட்டோடு முக்கவைக்காதீர்கள், நான்குக்கு இறக்குங்கள். அது பிஸ்டனுக்கும் நல்லது.

இன்டர்கூலர் அடுத்த கட்டம். 8 பி.எஸ்.ஐ.யில் கட்டாயமில்லை. போட்டால் புகைச்சூட்டில் கிடைக்கும் குறைவைச் சேமிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தையும் டீசலால் நிரப்பினால் பழைய சூட்டுக்கே திரும்பிவிடுவீர்கள்.

ஏதாவது தப்பாக இருந்தால்

பூஸ்ட் குறைவு, சூடு அதிகம்: முதல் சந்தேகம் காற்றுக் கசிவு, அடுத்து ஏர் ஃபில்டர், அதற்கடுத்து திறந்தே மாட்டிக்கொண்ட வேஸ்ட்கேட்.

பூஸ்ட் சரி, சூடு அதிகம்: டீசல் கூடுதல், அல்லது டைமிங் பின்தங்கல், அல்லது எக்ஸாஸ்ட் நெருக்கம்.

ஐடிலில் நீலப்புகை, ஓடும்போது இல்லை: டர்போ சீல் போனதாக நினைத்து டர்போவை மாற்றிவிடாதீர்கள். பத்தில் பல தடவை வடியும் குழாய் தொங்குகிறது அல்லது பிரீதர் அடைத்திருக்கிறது. அதைச் சரிசெய்தாலே புகை நிற்கும்.

சுமையில் டிக்-டிக் சத்தம், இன்ஜின் சூடானதும் குறைகிறது: மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவு. கறுப்புக் கரிக்கோடு இடத்தைக் காட்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப்புகையும் ரேடியேட்டர் குழாய் கல்லாக இறுகுவதும் சேர்ந்து வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். நீலத் திரவச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஹெட் விரிசல் ஆரம்பத்திலேயே பிடிபட்டால் ஹெட்டோடு போகும். தள்ளிப்போட்டால் தண்ணீர் சிலிண்டரில் இறங்கி கனெக்டிங் ராடையும் வளைக்கும்.